தறிக்கயிற்றில் ஒரு பித்தளை வளையம்

அத்தியாயம் 5

லுமிங்கின் வீட்டில் தொங்கவேண்டியது தொங்கவில்லை. தொங்க வேண்டாத இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன.

தொங்கவேண்டியது, நார்வாழை நூலில் நாலு மாதமாக அவள் நெய்துகொண்டிருந்த தினாலாக் துணி. உத்தரத்துக் கயிற்றில் ஒரு முனையும் அவள் இடுப்புப் பட்டையில் மறுமுனையுமாக அந்தத் தறி நடுவீட்டில் நீண்டிருக்கும். சனிக்கிழமைச் சந்தைக்குப் போய்விட்டு அவளும் மகள் ஜெனிலினும் திரும்பி வந்து பார்த்தபோது துணியைக் காணோம். மூங்கில் குச்சி, பலகை, பாவு நூல் எல்லாம் சேர்த்துத் தறியையே பாய் மாதிரி சுருட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

தொங்க வேண்டாத இரண்டில் முதலாவது, வாசல் தூணில் நீல பிளாஸ்டிக் நாடாவில் கோத்த மூன்று ஜிலேபி மீன். இரண்டாவது, உத்தரத்துக் கயிற்றின் நுனியில் பச்சை நைலான் நூலால் கட்டியிருந்த சின்னப் பித்தளை வளையம்.

"மீனைக் கொண்டாந்தது யாருன்னு தெரியும்," என்றாள் லுமிங். "அதனால துணியைக் கொண்டுபோனது யாருன்னும் தெரியும்."

சொல்லிவிட்டு உதட்டைக் குவித்து ஏணிப்பக்கம் காட்டினாள். ஏணியின் கீழ்ப்படியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆர்னெல் உட்கார்ந்திருந்தான்.

ஃபெலிசா லம்பாய் தூணில் இருந்த மீனைப் பார்த்தாள். எட்டி ஆர்னெலைப் பார்த்தாள். இரண்டு தரப்புக்கும் கண் ஒரே மாதிரி மங்கிக் கிடந்தது.

ஃபெலிசா போலீஸ் ஸ்டேஷனில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஏரியில் இரண்டு மீன்கூண்டு போட்டிருக்கிறாள். ஆனாலும் எங்கள் ஊரில் பொருள் தொலைந்தால் ஸ்டேஷன் படி ஏறுகிறவர்களைவிட அவள் வீட்டு ஏணி ஏறுகிறவர்கள்தான் அதிகம். போன மாதம் காணாமல் போன கல்யாணச் சேகண்டியை, பன்றித் தீவனம் வேகிற பானைக்கு மூடியாக இருந்த இடத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அவளுக்கு வண்டியோட்டி, எடுபிடி, தேவையில்லாத யோசனை சொல்கிறவன் எல்லாமே பெர்டிங்தான். பகலில் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுவான். சாயங்காலம் ஏரிக்கரை ஹோட்டல்களில் ஹெகெலுங் வாசிப்பான். அந்த வாத்தியத்துக்கு இரண்டே தந்தி. குறையை அவன் நாக்கு ஈடுகட்டிவிடும்.

லுமிங் நிறையப் பேசினாள். சுருக்கினால் இவ்வளவுதான். ஆர்னெல் மலைக்குக் கீழே சுரல்லா டவுனில் மெக்கானிக். எங்கள் ஜனம் இல்லை. ஜெனிலினைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். துணி தறியை விட்டு இறங்கினால் மறுநாள் கல்யாணம். மணமக்கள் இரண்டு பேர் தோளையும் மூடப் போகிறது அந்தத் துணிதான். இதுதான் பேச்சு. இன்றைக்குக் காலையில் ஆள் இல்லாத வீட்டுக்கு அவன் வந்திருக்கிறான். அதற்கு மீன் சாட்சி. வந்தவன் துணியோடு போய்விட்டுச் சந்தைப் பக்கம் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்றிருக்கிறான்.

"சூரியன் அந்த மலைக்குப் பின்னாடி போறதுக்குள்ள துணி இந்தக் கயித்துல தொங்கணும்," என்றாள் லுமிங். "இல்லேன்னா இவன் இந்த ஏணியில இனிமே கால் வைக்கக் கூடாது. கல்யாணமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

ஆர்னெலின் வண்டிச் சாவியைப் பிடுங்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெனிலின் அடுப்படி மூலையில் நின்றாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள் என்பது மூக்கில் தெரிந்தது. அவளுக்குப் பக்கத்தில் வாழையிலை போட்டு மூடிய சோற்றுத் தட்டு ஒன்று இருந்தது.

"யாருக்கு?" என்று கேட்டாள் ஃபெலிசா.

அப்பாவுக்கு என்றாள் ஜெனிலின். தறி ஏறிய நாளிலிருந்து அவள் அப்பா குமாய்க்கு ராப்படுக்கை ஏரியில், மீன்கூண்டுக் குடிலில்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் தவறாமல் கரையேறி வருவார். இன்றைக்கு இன்னும் வரவில்லை. துணி போன சேதியே அவருக்குத் தெரியாது.

"வரலேன்னா சொல்லும்மா. சோறு ஆறக் கூடாது," என்றான் பெர்டிங்.

ஃபெலிசா உத்தரத்தடியில் போய்க் குந்தி உட்கார்ந்து தரையை விரலால் தடவினாள். மூங்கில் தரையில் ஒரு நூல் துணுக்குகூட இல்லை. அப்புறம் இறங்கி ஆர்னெலிடம் போனாள். அவன் சொன்னது லுமிங் சொன்னதைவிடச் சுருக்கம். வந்தான், இரண்டு தடவை கூப்பிட்டான், பதில் இல்லை, மீனைத் தூணில் மாட்டிவிட்டுச் சந்தைக்கு அவர்களைத் தேடிப் போனான். வாசலுக்குள் கால் வைக்கவில்லை. தறி இருந்ததா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏன் எட்டிப் பார்க்கல?"

"பயம்தான் அக்கா. முதல்முதலா வந்தப்போ தெரியாம தறியைத் தாண்டிட்டேன். அதுல இருந்து அந்தப் பக்கம் கண்ணைக்கூடக் கொண்டுபோறதில்ல."

தறியைத் தாண்டுவது எங்கள் ஊரில் சின்ன விஷயமில்லை. அன்றைக்கு லுமிங் மூன்று நாள் நெய்யாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கால் இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

வளையத்தை அவிழ்த்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஃபெலிசா கேட்டாள். சூரியன் இறங்குவதற்குள் அதுவும் திரும்பி வரவேண்டும் என்று லுமிங் சொல்லி அனுப்பினாள்.

மத்தியான மழை அப்போதுதான் விட்டிருந்தது. பாதை முழுக்கச் சேறு. வண்டியைத் தள்ளிக்கொண்டே பெர்டிங் கேட்டான்.

"அக்கா, உங்க முகத்தைப் பார்த்தா ஆர்னெல் இல்லேன்னு எழுதியிருக்கு. மாமியார் முகத்தைப் பார்த்தா அவன்தான்னு எழுதியிருக்கு. நான் எதைப் படிக்கறது?"

"அவன் மெக்கானிக். ஆணி கழலலேன்னா ரம்பத்தை எடுக்கற ஜாதி. துணி வேணும்னா நெய்த வரைக்கும் கத்தியால அறுத்து இடுப்புல சுத்திக்கிட்டுப் போயிருப்பான். இங்க ஒரு நூல்கூட அறுபடல. நூத்துக்கணக்கான பாவு நூலையும் குச்சியையும் கலையாமச் சுருட்டி, ஆளுயர மூட்டையைச் சுமந்துக்கிட்டுப் போயிருக்கு ஒரு ஆள். ஏன்?"

"அறுத்தா நோவு வரும்."

"அதை நம்பறவன்தான் எடுத்திருக்கான். அடுத்தது இந்த வளையம்."

விற்றாலும் சரி, சீராகக் கொடுத்தாலும் சரி, தினாலாக் துணி வீட்டை விட்டுப் போகும்போது அதன் ஓரத்தில் ஒரு பித்தளை வளையம் கட்டித்தான் அனுப்புவோம். நார்வாழைக்குச் சொந்தமான தெய்வம் ஃபு டாலு. நெய்கிறவளுக்குக் கனவில் கோலம் காட்டுவதும் அதுதான். அதைக் கேட்காமல் துணி வாசல் தாண்டக் கூடாது. ஆனால் திருடிக்கொண்டு போகிறவன் வளையம் கட்டிவிட்டுப் போன கதையை யாரும் கேட்டதில்லை.

"திருட்டுக்கு ரசீது வெச்சிட்டுப் போயிருக்கான்," என்றாள் ஃபெலிசா.

"இதைத்தான் லுமிங் அக்காவும் சொல்லும். மூணு வருஷமா ஆர்னெல் நம்ம பின்னாடியே சுத்தறான், வளையம் கட்டத் தெரியாதான்னு கேட்கும். நைலான் நூல் வேற. மீன்கூண்டு வலை தைக்கற நூல்."

"அந்த நூல் ஏரிக்கரையில பாதி வீட்டுல இருக்கு. எங்கிட்டயும் இருக்கு."

"அப்போ முதல்ல உங்களையே பிடிச்சுக் குடுத்திடறேன். வேலை சீக்கிரம் முடியும்."

ஃபெலிசா அதைக் காதில் வாங்கவில்லை. வளையத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முறுக்கிய கயிறு மாதிரி வேலைப்பாடு. முறுக்கின் பள்ளங்களில் கருகிய களிமண் அப்பியிருந்தது. அச்சை உடைத்து எடுத்த பிறகு தேய்த்து மினுக்கவேயில்லை. கடைக்கும் போகாத, காலுக்கும் போகாத வளையம். வார்த்த இடத்திலிருந்து நேராகத் தறிக்கயிற்றுக்கு வந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பித்தளை வார்க்கிறவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் தேன்மெழுகை நூலாகத் திரித்துத்தான் இந்த முறுக்கை உருவாக்குவார்கள். ஆனால் இந்த முறுக்கு சாய்ந்திருந்தது இடது பக்கமாக.

"இடது கையால சோறு திங்கற பித்தளைக்காரர் யாரு?" என்று கேட்டாள்.

பெர்டிங் வண்டியை உதைத்துக் கிளப்பினான். பதில் சொல்ல அவசியமிருக்கவில்லை.

பொகானின் பட்டறை படகுத்துறைக்கு மேலே, நாணல் புதருக்குப் பின்னால். அவர் சுத்தியலால் களிமண் அச்சுகளைத் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். வளையத்தைக் கையில் வாங்கியதும் தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டார். தொலைந்த பிள்ளை திரும்பி வந்தால் வருகிற சந்தோஷம் முகத்தில் வரவில்லை. சேற்றில் புரண்டு வந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"களிமண்ணைக்கூடத் தேய்க்கல. என் சரக்கை இப்படி அழுக்கோட எவன் கட்டினான்? அவன் திருடினது கிடக்கட்டும். இதுக்குப் பிடிங்க அவனை."

இந்த அச்சுகளை இன்று காலையில்தான் உடைக்க ஆரம்பித்தாராம். உடைத்தவற்றைத் திண்டில் குவித்துவிட்டு, உலையில் பித்தளை உருகிவிட்டதா என்று பார்க்கப் பின்பக்கம் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது யாரும் இல்லை. வளையம் ஒன்று குறைந்ததா என்று எண்ணிப் பார்க்கவுமில்லை. ஆனால் திண்டின்மேல் வேறொன்று கூடுதலாக இருந்தது.

"என்ன மாமா?"

"ரெண்டு ஜிலேபி மீன். காட்டுக்கொடியில செவுளைக் கோத்து வெச்சிருந்துது. எவனோ மரியாதை தெரிஞ்சவன் குடுத்துட்டுப் போயிருக்கான்னு நினைச்சேன்."

பெர்டிங் ஃபெலிசாவைப் பார்த்தான். சொல்ல மனமில்லாதவன் மாதிரி மெல்லச் சொன்னான்.

"அக்கா, அங்கயும் ஜிலேபி மீன். இங்கயும் ஜிலேபி மீன். போற இடமெல்லாம் மீன் வெச்சிட்டுப் போறவன் இன்னைக்கு ஊருல ஒருத்தன்தான். நம்ம மாப்பிள்ளை தானாப் போய்த் தலையைக் குடுத்துட்டான்."

நூலைப் பிடித்துக்கொண்டு வந்தால், அது ஆர்னெலின் காலடியிலேயே போய் முடிகிறது. சூரியன் வேறு மலைமேட்டுக்கு ஒரு பனையுயரம் மேலே நின்றது. அவள் பொகான் பக்கம் திரும்பி, யாரும் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டாள்.

"மீன் ருசியா இருந்துதா மாமா?"

"நல்ல கொழுப்பு. அதுல ஒண்ணு பாரு, சுடலாம்னு கம்பியில குத்தப் போனேன், துள்ளிச் சாம்பல்ல விழுந்து முகமெல்லாம் அடிச்சிடுச்சு."

"துள்ளிச்சா?"

"துள்ளாம? உசிரோட இருந்துச்சே."

ஃபெலிசா வளையத்தை வாங்கி இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டாள். பொகானுக்கு நன்றி சொல்லிவிட்டு, வண்டி நிற்கிற பக்கம் போகாமல் படகுத்துறைப் பக்கம் நடந்தாள். பெர்டிங் பின்னால் ஓடி வந்தான்.

"ஆர்னெல் மீனோட கண்ணைப் பார்த்தியா?" என்றாள். "வெள்ளை பூத்திருக்கு. ஐஸ்ல கிடந்த மீன். நீல நாடா சுரல்லா மார்க்கெட் நாடா. ஏரிக்கரைக்கு வர்றவன் கீழ இருந்து ஐஸ் மீனை வாங்கிட்டு வர்றான், அந்த அளவுக்கு அவன் வெளியாள். பொகான் திண்டுல இருந்தது துள்ளின மீன். ஏரியை விட்டு வந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது."

"அப்போ திருடன் தண்ணி வழியா வந்திருக்கான்."

"வந்தவன் வளையத்தைச் சும்மா எடுத்துக்கல. ஃபு டாலுவுக்குத் திருட்டு வளையம் கட்டினா செல்லாதுன்னு நினைச்சிருக்கான். விலையா மீனை வெச்சிருக்கான்."

"வளையத்துக்கு மீன், துணிக்கு வளையம். இவன் திருடனா, வியாபாரியா?"

"ரெண்டும் இல்ல. ரொம்ப நல்லவன். அதான் மாட்டிக்கிட்டான்." அவள் துறையில் கிடந்த ஒரு தோணியை இழுத்தாள். "பெர்டிங், சாயங்காலம் நீ ஹோட்டல்ல வாசிக்கறப்போ, தண்ணி மேல இருந்து இன்னொரு ஹெகெலுங் சத்தம் வரும்னு சொல்வியே. உன் பொழைப்பைக் கெடுக்குதுன்னு."

"ஆமா, அந்த அழுகுணிப் பாட்டு. நாலு மாசமா அதே பாட்டு. டூரிஸ்டெல்லாம் யார் செத்துட்டாங்கன்னு எங்கிட்டக் கேட்கறாங்க." துடுப்பை எடுத்த பெர்டிங் அப்படியே நின்றான். "நாலு மாசமா..."

"தட்டுல சோறு ஆறிக்கிட்டிருக்கே, அதுக்குச் சொந்தக்காரர்தான். ஒரு நாளும் மத்தியானச் சோத்தை விடாத மனுஷன் இன்னைக்கு ஏன் வரல?"

பெர்டிங் அதற்குப் பிறகு துடுப்புப் போட்ட வேகத்தை அவன் வண்டியிலும் யாரும் பார்த்ததில்லை.

குமாயின் குடில் மீன்கூண்டின்மேல், நாலு மூங்கில் தூணும் பழைய கோரைக் கூரையுமாக நின்றது. கூரை பல இடத்தில் பொத்தல். மழை விட்டு நேரமாகியும் உள்ளே சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சொட்டுக்கு நேர் கீழே குமாய் நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருடைய மழைக்கோட்டு மட்டும் நனையாத ஒரே மூலையில், முகட்டு மூங்கிலில், ஆளுயரச் சுருள் ஒன்றைப் போர்த்திக்கொண்டு தொங்கியது. யாரும் தாண்ட முடியாத உயரம்.

ஃபெலிசா கூண்டின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, கூண்டுல ரெண்டு மீன் குறையுதா?"

குமாய் தண்ணீரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் கேட்டார்.

"பொகானுக்குப் பிடிச்சிருந்துதா?"

அப்புறம் எல்லாவற்றையும் அவராகவே சொன்னார். தறி ஏறிவிட்டால் நெய்கிறவள் புருஷனோடு படுக்கக் கூடாது. படுத்தால் நூல் அறும், கோலம் கலையும். அவர் அதில் குறை சொல்லவில்லை. அவருடைய அப்பாவும் இதே மாதிரி ஏரியில் படுத்தவர்தான். ஆனால் மற்றவர்களுக்கு ஒரு முடிவு இருந்தது. இரண்டு மாதம் முன்னால் ஒரு நாள், துணி முடிந்ததா என்று லுமிங்கைக் கேட்டார். இன்னும் ஒரு முழம் என்றாள் லுமிங். போன மாதம் கேட்டார். இன்னும் ஒரு முழம். நேற்றும் கேட்டார்.

"தறி இருந்தாத்தானே அவ நெசவுக்காரி," என்றார் குமாய். "தறியையே காணோம்னா, அவ நெய்யலைன்னுதானே கணக்கு? ரெண்டு நாள் வீட்டுல படுத்துட்டு, அப்புறம் எங்கயோ கிடைச்சுதுன்னு கொண்டுபோய் மாட்டிடலாம்னு நினைச்சேன். ஃபு டாலு கோவிச்சுக்கக் கூடாதேன்னு வளையமும் கட்டினேன். கட்டிட்டு வந்தப்புறம், லுமிங் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரல. சோத்துக்கும் போகல."

பெர்டிங் சிரிப்பை அடக்கத் துடுப்பைக் கடித்துக்கொண்டிருந்தான். ஃபெலிசா கரையில் நடக்கிற விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. குமாய் எழுந்த வேகத்தில் குடிலே ஆடியது.

"அந்தப் பையன் மேலயா? ஐயோ, எனக்கு இருக்கறது ஒரே மருமகன் தங்கச்சி." மழைக்கோட்டை விலக்கிச் சுருளை இறக்கினவர், தோணியில் கால் வைக்கப் போகும்போது நின்றார். "திருடினேன்னு சொல்லிடறேன். ஏன் திருடினேன்னு பொண்ணு முன்னாடி எப்படிச் சொல்றது?"

ஃபெலிசா சுருளின் ஓரத்தைக் கொஞ்சம் தளர்த்தி உள்ளே பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். பார்த்துவிட்டு, இருந்தபடியே இறுக்கிச் சுருட்டிவிட்டாள்.

என்ன பார்த்தீர்கள் என்று பெர்டிங் கேட்டான்.

"முழம் போட்டேன்," என்றாள். "வேகமா ஓட்டு."

அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சூரியனின் அடிவிளிம்பு மலையைத் தொட்டிருந்தது. ஆர்னெல் அதே படியில் இருந்தான். ஒரு மாறுதல், அவனுக்குப் பக்கத்தில் இப்போது ஜெனிலினும் உட்கார்ந்திருந்தாள். சுருளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிற அப்பாவைப் பார்த்து இரண்டு பேரும் எழுந்தார்கள்.

லுமிங் வாசலில் நின்றாள்.

"எங்க இருந்துச்சு?"

"எங்கிட்டதான்," என்றார் குமாய். "எடுத்தது நான்தான். பையன் இல்ல."

"ஏன்?"

குமாய் சுருளைக் கீழே வைக்காமல் மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், வாயைத் திறந்து மூடினார். பெர்டிங் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, அவர் குடில்ல கூரை ஒழுகுது," என்றான். "ரொம்ப ஒழுகுது. நாலு மாசமா."

லுமிங்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது வரைக்கும் சிவந்தது. ஜெனிலின் சட்டென்று தூணில் தொங்கிய மீனை ஆராய ஆரம்பித்தாள்.

"வெட்கமா இல்ல? தறியில கை வெச்சியே," என்றாள் லுமிங். குரலை அடக்கியதில் அது இன்னும் சூடாக வந்தது. "உன்னால ஒரு பையன் காலையில இருந்து படியில உட்கார்ந்திருக்கான். இன்னும் ஒரு முழம்தான்னு சொன்னேனே. அதுவரைக்கும் பொறுக்க முடியாதா?"

"எந்த ஒரு முழம் அக்கா?" என்றாள் ஃபெலிசா.

அவள் குமாயிடமிருந்து சுருளை வாங்கி வாசலில் நிற்கிற லுமிங்கின் கைகளுக்கு இடையில் பிரித்தாள். சிவப்பும் வெள்ளையுமாக, கறுப்புக்குள் நீந்துகிற கோலம் இறங்கி வந்தது. இறங்கி வந்து, ஒரு இடத்தில் முடிந்தது. அங்கே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் கறுப்புக் கரை. எங்கள் ஊரில் துணி முடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கரைக்கு அப்புறம் துணி நிற்கவில்லை. அதே கோலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, கிட்டத்தட்ட இன்னொரு துணி நீளத்துக்குப் போயிருந்தது.

"இது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது," என்றாள் ஃபெலிசா மெதுவாக.

ஆர்னெல் கறுப்புக் கரையைப் பார்த்தான், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெனிலினுக்குப் புரிந்தது.

"அம்மா," என்றாள்.

"கரை போட்ட அன்னைக்கு நீ அடுப்பு ஊதிக்கிட்டே பாடின," என்றாள் லுமிங். துணியைத்தான் பார்த்துச் சொன்னாள். "இறக்கினா மறுநாள் போயிடுவ. அவிழ்க்கக் கை வரல. இன்னும் கொஞ்சம் நெய்வோம்னு உட்கார்ந்தேன். அப்புறம் தினமும் இன்னும் கொஞ்சம். அவன் காலைச் சாக்கு சொல்லிக்கிட்டு இருந்தேன். துணி காணோம்னதும் அவன்தான்னு சொல்ல எனக்கு எவ்வளவு சுளுவா இருந்துச்சு தெரியுமா."

"சுரல்லா என்ன கடலுக்கு அந்தப் பக்கமாம்மா இருக்கு?"

"இவன் மெக்கானிக்," என்று பெர்டிங் ஜெனிலினிடம் மெல்ல ஆரம்பித்தான். "வண்டி ரிப்பேர்னு சொல்லி நீ வராம இருக்கவே முடியாது."

லுமிங்குக்குச் சிரிப்பு வந்ததா, வேறு ஏதாவது வந்ததா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள். இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தறியின் தலைப்பை உத்தரத்தில் மாட்டச் சொல்லிப் புருஷனைக் கூப்பிட்டாள். குமாய் வலைமுடிச்சுப் போட்டு இறுக்கினார். கோலம் தொடங்கினால் பாதியில் விடக் கூடாது. ஆனால் அது முடிகிற இடத்துக்கு வந்துதான் நின்றிருந்தது. பாக்கி ஒரு முழமில்லை, ஒரு சாண்கூட இல்லை. கறுப்புக் கரைதான் பாக்கி. லுமிங் பலகையை அடித்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"நீ ஏன் இன்னும் அங்கயே நிக்கற?" என்று வாசல் பக்கம் பார்க்காமல் கேட்டாள். "மேல வா."

ஆர்னெல் ஏணி ஏறினான். அவன் உட்காரவேண்டிய பாய் எதிர்ச் சுவரோரம். நடுவில் தறி. நேராகப் போனால் ஒரே எட்டு. அவன் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, அடுப்பைச் சுற்றி, நெல்மூட்டையைச் சுற்றி, வீட்டின் நாலு மூலையையும் தொட்டுக்கொண்டு பாய்க்குப் போய்ச் சேர்ந்தான். சட்டை முதுகு முழுக்கச் சுவர்க்கரி.

லுமிங் பலகையை நிறுத்திவிட்டு அந்தக் கரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ரவிக்கைக்குள் கை விட்டு, வண்டிச் சாவியை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வராத," என்றாள்.

வெளிச்சம் போவதற்குள் கரை முடிந்தது. லுமிங் ஃபெலிசாவிடம் கையை நீட்டினாள். ஃபெலிசா இடுப்பு மடிப்பிலிருந்து வளையத்தை எடுத்துக் கொடுத்தாள். லுமிங் பள்ளங்களில் இருந்த களிமண்ணை நகத்தால் சுரண்டி, சாம்பல் தொட்டுத் தேய்த்து, அது மஞ்சளாகப் பல்லிளிக்கிற வரைக்கும் தேய்த்தாள். தறிக்கயிற்றைத் தொடவில்லை. துணியின் ஓரத்தை எடுத்து, அங்கே கட்டினாள். நூல்முனையைப் பல்லால் கடித்து, இன்னொரு முடிச்சும் போட்டாள். ஜெனிலின் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

குமாய் ஆறிப்போன சோற்றைக் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி, ஏணி முனையில் இருந்த துடுப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். நாலு மாத வழக்கம்.

"எங்க போற?" என்றாள் லுமிங். "அங்கதான் ஒழுகுதே."

துடுப்பு திரும்பவும் ஏணியோரம் சாய்ந்தது.

அன்றைக்கு ஏரிக்கரை ஹோட்டலில் பெர்டிங் ஹெகெலுங்கை மடியில் வைத்துக்கொண்டு, சுருதி கூட்டிவிட்டு, தண்ணீர்ப் பக்கம் காதைத் திருப்பினான். ஒரு சத்தமும் வரவில்லை. நாலு மாதத்தில் முதல் தடவையாக ஏரி முழுக்க அவனுக்கே கிடைத்தது. என்ன வாசிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான்.